பேரிங் வரும்வரை ஊட்னடாட்டா

பாலைவனப் பயணம் என்று வாயெடுத்தாலே எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். எத்தனை லிட்டர், எத்தனை கேன், ஆளுக்கு எவ்வளவு. சரிதான், தண்ணீர் இல்லாமல் போகக்கூடாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வண்டியோடு மாட்டிக்கொண்டு, ஒரு உதிரிபாகத்துக்காகக் காத்துக்கிடந்து வந்த எனக்கு இப்போதெல்லாம் முதலில் தோன்றுகிற கேள்வியே வேறு. அந்த ஊருக்குத் தபால் வண்டி எந்தெந்த நாள் வரும்?

ஊட்னடாட்டா பாதையில் போகலாமா என்று நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரி என்கிற சிற்றூரில் தொடங்கி, மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைத் தொடுகிற மண்சாலை அது. சுமார் 620 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்ல வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா இரண்டுதான். அதிலும் வில்லியம் கிரீக் என்பது ஒரு பப், ஒரு விமான ஓடுதளம், கூடாரம் போட ஓர் இடம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சுற்றிலும் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை. உலகிலேயே பெரிய மாட்டுப் பண்ணை அதுதான். 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், தென்காசியைப் பிரிப்பதற்கு முன்பிருந்த திருநெல்வேலி மாவட்டத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதில் மாடு மேய்க்கிறார்கள்!

பாதை ஏன் அந்த வழியாகப் போகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்கிற மாபெரும் நிலத்தடி நீர்ப்பரப்பு அந்த ஓரத்தில்தான் வரிசையாக ஊற்றெடுத்து மேலே வருகிறது. பழங்குடிகள் அந்த ஊற்றுகளைப் பிடித்து நடந்து ஒருவரோடொருவர் பண்டம் மாற்றினார்கள். ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் 1859இல் அதே ஊற்றுகளை நம்பித்தான் வடக்கே கிளம்பினார். அடிலெய்டையும் டார்வினையும் இணைத்து 1872இல் முடிந்த தந்திக் கம்பிக்கும் அதே வழி. பின்னால் வந்த ரயிலுக்கும் அதே வழி. 1980இல் மேற்கே தள்ளிப் புதுத் தண்டவாளம் போட்டதும் பழைய ரயில் நின்றுபோனது. மண்மேடும் இடிந்த கல்கட்டடங்களும் இரும்புப் பாலங்களும் அப்படியே நிற்கின்றன.

அந்தப் பாலங்களில் பெரியது அல்ஜெபக்கினா, 578 மீட்டர் நீளம். ஊட்னடாட்டாவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில், நீல்ஸ் ஆற்றுக்கு மேலே. ஆறு என்றால் பெரும்பாலும் மணலும் அங்கங்கே மடுவும்தான். படம் எடுக்க இறங்கினோம். இறங்கியதும் எனக்கு வந்தது கருகிய கிரீஸ் வாடை. முன்பக்க இடது சக்கரத்து ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோனேன், தொட முடியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடுகிறது. சுற்றினால் கல்லை அரைக்கிற சத்தம். "என்னங்க, பேரிங்கா?" என்றாள் மனைவி. திருநெல்வேலியில் அவள் அப்பா லாரி வைத்திருந்தவர். அவளுக்கு விளக்கம் தேவையில்லை.

மண்சாலையில் பேரிங் போவது அதிசயமில்லை. அந்தச் சாலைகள் நெடுகிலும் குறுக்குவரிசையாக மேடும் பள்ளமுமாய் மடிப்பு விழுந்திருக்கும், 'காரகேஷன்' என்பார்கள். காய்ந்து உதிரியாகக் கிடக்கும் மண்ணில் ஒரு சக்கரம் லேசாகத் துள்ளி விழுகிறது. விழுந்த இடத்தில் குழி. அடுத்த சக்கரம் அந்தக் குழியில் இறங்கி மறுபடி துள்ளுகிறது. நாளாக ஆக, சாலை முழுவதும் வரிவரியாகிவிடும். மெதுவாகப் போனால் பல் கிட்டிக்கும். 70, 80 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் மேடுகளின் உச்சியைத் தொட்டுத் தொட்டு ஓரளவு மிதந்தாற்போலப் போகலாம். ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதிதான் நம் கையில். எப்படிப் போனாலும் அத்தனை குலுக்கலையும் ஷாக் அப்சார்பரும் பேரிங்கும்தான் வாங்கிக்கொள்கின்றன. டயரில் காற்றைக் குறைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். நாங்களும் குறைத்துத்தான் வைத்திருந்தோம்.

எங்களுடையது பழைய ஜப்பான் டீசல் 4வீல் வண்டி. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அங்கே ஒரு வழக்கம்: சாலையோரம் வண்டி நின்றால், அடுத்து வருகிறவர் நிறுத்தி "எல்லாம் சரியா?" என்று கேட்காமல் போகமாட்டார். யு.எச்.எஃப். ரேடியோவில் கூப்பிட்டும் பார்த்தோம், யாரும் வரம்பில் இல்லை. மதியத்துக்கு மேல் மாட்டுப் பண்ணை ஆள் ஒருவர் காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். கேட்பதற்கு முன்னாலேயே சங்கிலியை எடுத்துவிட்டார். வண்டியை ஏற்றி ஊட்னடாட்டாவில் இறக்கிவிட்டு, டீசலுக்கு என்று நான் நீட்டிய பணத்தைப் பாதிதான் எடுத்துக்கொண்டார். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ஊட்னடாட்டாவில் எல்லாமே பிங்க் ரோட்ஹவுஸ்தான். பெட்ரோல் பங்க், மளிகை, சாப்பாடு, கேம்ப் இடம், பஞ்சர், தபால். சுவர் எல்லாம் ரோஜா நிறம். பல ஆண்டுகள் அதை நடத்திய ஆடம் பிளேட், லின்னி பிளேட் தம்பதிதான் பாதை நெடுக வழிகாட்டிப் பலகைகளை வைத்தவர்கள். எந்த அரசாங்கப் பலகையிலும் இல்லாத விவரமெல்லாம் அவற்றில் இருக்கும்.

பட்டறையில் ஹப்பைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. உள்பேரிங்கின் உருளைகள் நொறுங்கியிருந்தன. அது மட்டுமென்றால் ரோட்ஹவுஸிலேயே முடிந்திருக்கும். அந்தப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பாதிக்குப் பொருந்துகிற பேரிங் செட் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. ஆனால் பேரிங் இறுகிப்போய், அதன் உள்வளையம் தான் உட்கார்ந்திருக்கும் ஸ்டப் ஆக்ஸிலின் மேலேயே சுற்றியிருக்கிறது. ஸ்டப் ஆக்ஸில் நீலம் பாரித்து, விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல். புது பேரிங்கை அதில் ஏற்றினாலும் ஒருநாள் தாங்காது. மெக்கானிக் அதைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடிலெய்டில் இருக்கிற என் மச்சினனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, ஒரு ஸ்டப் ஆக்ஸில் வேணும். முன்பக்கம்."

"அத்தான், வண்டி எந்த வருஷம்? எந்த மாசம்?"

"அதெல்லாம் எதுக்குடே?"

"கடைக்காரன் கேப்பான் அத்தான். பானெட்ட தொறந்து பிளேட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க. சேஸிஸ் நம்பர் முழுசா விழணும்."

அவன் கேட்டதுதான் சரி. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் நடுவில் ஏதாவது ஒரு மாதத்தில் கம்பெனி ஒரு அளவை மாற்றியிருக்கும். ஏ.பி.எஸ். உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று. நகரத்தில் தப்பான பாகம் வந்தால் அரைமணி நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே அப்படியில்லை. போட்டோ போனது, கடையில் சரிபார்த்தார்களாம், பார்சல் கிளம்பியது.

அடிலெய்டிலிருந்து கூபர் பீடிக்கு 850 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதுவரைக்கும் கவலையே இல்லை. அலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிற பஸ், லாரி எல்லாம் அந்த வழிதான். ஓர் இரவில் வந்துவிடும். கூபர் பீடியிலிருந்து ஊட்னடாட்டா 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதற்குத்தான் தபால் வண்டி. கூபர் பீடியில் கிளம்பி, ஊட்னடாட்டா, வில்லியம் கிரீக், வழியிலுள்ள மாட்டுப் பண்ணைகள் என்று சுமார் 600 கிலோமீட்டர் வட்டமடித்துத் திரும்புகிறது. வாரத்தில் இரண்டு நாள். கடிதம், காய்கறி, மருந்து, டிராக்டர் பெல்ட், எல்லாம் அதில்தான். பார்சல் கூபர் பீடிக்கு வந்து சேர்ந்தது, தபால் வண்டி கிளம்பிப்போன அன்று மத்தியானம்! 850 கிலோமீட்டரை ஒரு ராத்திரியில் தாண்டிய பொருள், 200 கிலோமீட்டர் தாண்ட நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

மச்சினன் நேராக வண்டியெடுத்து வருகிறேன் என்றான். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுடையது தாழ்வான சிட்டி கார். அதற்கும் சேர்த்து ஒரு பார்சல் வரவழைக்க வேண்டியிருக்கும்.

காத்திருப்பைப் பற்றி ஆளாளுக்கு அழகாக எழுதுவார்கள். நட்சத்திரம், மௌனம், தன்னை அறிதல். முதல் நாள் ராத்திரி நட்சத்திரம் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் ஜூலை மாதம், பாலைவன ராத்திரி, குளிர் எலும்பைத் தொடும். பகலில் ஈ. மூக்கு, கண், வாய் எதையும் விட்டுவைக்காத ஈ. பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிட்டது. மூன்று வேளையும் பர்கர் சாப்பிட முடியாது என்று மனைவி கேம்ப் அடுப்பில் ரசம் வைத்தாள். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வயதான தம்பதி வாசனை பிடித்து வந்து, ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர இன்னொரு கோப்பை கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளை ஊர்ப் பிள்ளைகள் வந்து கால்பந்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அவர்களுக்கு நாங்கள் காத்திருப்பது ஒரு சங்கதியே இல்லை. அங்கே எல்லாரும் எதற்காவது காத்திருக்கிறார்கள்.

பழைய ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சாவியை ரோட்ஹவுஸில் வாங்கிக்கொண்டு நாமே திறந்து பார்த்துவிட்டுப் பூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் எனக்கு இந்த ஊரின் கதை பிடிபட்டது. 1891இல் ரயில் ஊட்னடாட்டா வரை வந்தது. அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு நீண்டது 1929இல்தான். நடுவில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தண்டவாளம் இங்கேயே முடிந்தது. அதற்கு மேல் வடக்கே போக வேண்டிய மாவு, சர்க்கரை, இரும்பு, தந்தி நிலையத்துச் சாமான் எல்லாம் ஒட்டகத்தில் ஏறின. ஒட்டகக்காரர்களை மொத்தமாக 'ஆப்கானியர்' என்றார்கள். ஆனால் அவர்களில் பலர் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மாரியில் அவர்கள் கட்டிய பள்ளிவாசல் இந்த நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. 'கான்' என்று இன்றைக்கும் ஓடுகிற ரயிலின் பெயர் அவர்களைக் குறித்து வந்ததுதான் என்பார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு கிணற்றுப் பம்பு உடைந்தால், அதற்கான பாகம் இந்த நிலையத்தில் இறங்கி, ஒட்டகம் ஏறி, வாரக்கணக்கில் நடந்து போயிருக்கும். எனக்கு வர வேண்டியதோ ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

தபால் வண்டி வந்தது. பெட்டி வந்தது. பிரித்தால், ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கான ஸ்டப் ஆக்ஸில். எங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. கடையின் பெயர் வேண்டாம், போட்டோவைப் பார்த்தவர் தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பார். மச்சினன் கத்திய கத்தலில் கடைக்காரர் அன்றைக்கே சரியானதை, இலவசமாக, பஸ்ஸில் ஏற்றினார்.

அது கூபர் பீடிக்கு வந்து சேர்ந்த இரவு மழை.

மழை என்றால் நம் ஊர்க் கணக்குக்குத் தூறல். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அந்தச் செம்மண் நனைந்தால் சோப்புபோல வழுக்கும், டயரில் பிடித்தால் தோசை மாவு மாதிரி அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. காலையில் சாலை மூடப்பட்டது. மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு, அதைவிடப் பெரிய விஷயம் ஊர்க்காரர்களின் கோபம். தபால் வண்டியும் வரவில்லை. என் பாகம் 200 கிலோமீட்டர் தள்ளி ஓர் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பட்டறை மெக்கானிக் டாம் க்ரூஸ் கதையை எடுத்தார். ஹாலிவுட் நடிகர் இல்லை, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. இவர் எஸ்மண்ட் ஜெரால்ட் க்ரூஸ். 1936 முதல் மாரியிலிருந்து பேர்ட்ஸ்வில்லுக்கு, 500 கிலோமீட்டருக்கு மேல், தபால் லாரி ஓட்டியவர். பதினைந்து நாளுக்கொரு நடை. லேலண்ட் பேட்ஜர் லாரி. மணல்மேடு வந்தால் இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, ஏறி, மறுபடி எடுத்து முன்னால் போட்டு ஏறுவார். கூப்பர் கிரீக்கில் வெள்ளம் வந்தால் சாமானைப் படகில் ஏற்றி மறுகரைக்குக் கடத்துவார். வழியில் லாரி உடைந்தால் உதிரிபாகம் கொண்டுவர இன்னொரு தபால் வண்டி கிடையாது. அவர்தானே தபால் வண்டி! உள்ளதை வைத்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது உட்கார வேண்டும். ஜான் ஹேயர் அவரை வைத்து எடுத்த 'த பேக் ஆஃப் பியாண்ட்' ஆவணப்படம் 1954இல் வெளிவந்து வெனிஸில் பெரும் பரிசு வாங்கியது. மறுவருடம் அவருக்கு எம்.பி.இ. பட்டம் கிடைத்தது. அந்த லேலண்ட் கடைசியில் பாதையோரப் பண்ணை ஒன்றில் கைவிடப்பட்டுப் பல்லாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு தேடியெடுத்துச் சீராக்கி, இப்போது பேர்ட்வுட் மோட்டார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். க்ரூஸ் 2011இல், 96 வயதில் இறந்தார்.

கதை கேட்டபின் எனக்குப் புலம்ப வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மட்டும். சாயங்காலம் மறுபடி புலம்பினேன்.

சாலை காய்ந்தது, திறந்தது, பெட்டி வந்தது. இந்த முறை சரியானது. மெக்கானிக் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி ஹப்பிலிருந்து பழைய பேரிங் கப்புகளை வெளியே எடுத்தார். கிரீஸை உள்ளங்கையில் குவித்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடைத்தார். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, கொஞ்சம் தளர்த்தி, ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். அதிகம் இறுகினால் சூடேறி மறுபடி இதே கதை, தளர்ந்தால் ஆட்டம். மச்சினன் ஒரு செட் பேரிங்கும் சீலும் கூடுதலாக அனுப்பியிருந்தான். மறுபக்கச் சக்கரத்தையும் திறந்து பார்த்துவிடலாமா என்றார் மெக்கானிக். பார்த்தார், மாற்றினார். கூலி கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது, அத்தனை குறைவு.

இப்போது பழைய டீசல் வண்டி விஷயம். உள்நாட்டில் போகிறவர்கள் எந்த வண்டி நல்லது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். என் தீர்ப்பு இது: அந்த வட்டாரத்து மாட்டுப் பண்ணைக்காரர் எதை ஓட்டுகிறாரோ அதை ஓட்டுங்கள். டொயோட்டா லேண்ட் க்ரூஸரை அங்கே எல்லாரும் வைத்திருப்பதற்கு அழகோ சொகுசோ காரணமில்லை; உதிரிபாகம் யார் வீட்டு ஷெட்டிலாவது கிடக்கும். எங்கள் வண்டியின் பேரிங் அலமாரியிலேயே கிடைத்ததும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரிந்த ஆள் கிடைத்ததும் அதனால்தான். கம்ப்யூட்டர் இல்லாமல் திறக்கவே முடியாத புது ஐரோப்பிய வண்டி ஒன்று எங்கள் பக்கத்திலேயே நின்றது. நாங்கள் கிளம்பும்போதும் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

போகிறவர்கள் பானெட்டுக்கு உள்ளே இருக்கிற பிளேட்டைக் கிளம்புவதற்கு முன்பே படமெடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அந்த ஆள் கடைக்காரரோடு சண்டை போடத் தெரிந்தவராக இருப்பது நல்லது. ஒரு செட் முன்சக்கரப் பேரிங், ஆயில் சீல், ஹப் நட்டுக்கான பெரிய ஸாக்கெட், ஒரு டின் கிரீஸ். இவ்வளவும் சீட்டுக்கு அடியில் அடங்கிவிடும். டீசல் போட நிறுத்தும்போதெல்லாம் இறங்கி நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மழை பெய்து சாலை மூடியிருந்தால் பலகையைத் தாண்டிப் போகாதீர்கள். ஈர மண்ணில் ஒரே ஒரு வண்டி உழுதுவைத்த தடம் காய்ந்து கல்லாகிவிடும், கிரேடர் வந்து சீர்செய்ய நாளாகும். அந்த ஊர்களுக்கு மருந்தும் காய்கறியும் வருவது அதே சாலையில்தான்.